கடைசிப் பொத்தானுக்கான போர்

வாழ்க ஸாஹிர்! வைகறைதோறும் வாவிக்கரையில் வியர்வை சொட்ட விரைநடை பயின்ற வீரன், சீனி இல்லாத் தேநீரை முகஞ்சுளிக்காது பருகிய மாதவத்தோன், காத்தான்குடிப் பலகாரக்கடைகளைக் கண்மூடிக் கடந்த காவலன், வாழ்க! வாவிக் காற்றே, நீ சாட்சி. அடுத்து வந்த வெள்ளிக்கிழமை தன் நிக்காஹ்வுக்கு அணியவிருந்த கோட்டின் கடைசிப் பொத்தானைப் பூட்டுவதற்காக அவன் ஆற்றிய அருந்தவத்தையும், அத்தவம் ஒரே பகலில் பட்ட பாட்டையும் பாடப் புகுந்தோம்.

கோட்டைத் தைத்தவர் ஆதம்பாவா. ஊசியை வாளெனவும் அளவுநாடாவைச் சாட்டையெனவும் ஏந்திய அப்பெருந்தகை, உள்மடிப்பை எல்லைவரை பிரித்துவிட்டு முன்னமே முழங்கியிருந்தார்: "இனி விரிக்கத் துணியில்ல தம்பி. நீங்கதான் சுருங்கணும்."

சுருங்கிக்கொண்டிருந்த வீரனை ஊழானது நண்பன் நிஸ்தாரின் புதுவீட்டு விருந்துக்கு இழுத்துச் சென்றது. பாய் விரித்த போர்க்களத்தில் ஆறு பேருக்கு ஒரு சஹன் என்று பெருந்தட்டு வந்திறங்கியது. ஆறாவது கை ஓயும்வரை மற்றை ஐவரும் எழுதல் மரியாதையன்று என்பது அக்களத்தின் அறம். எதிரே வருங்கால மாமனார் அசனார், முழங்கால் நோவைப் பொறுத்துச் சம்மணமிட்ட முதுசிங்கம். வலப்புறம் நிஸ்தார். இடப்புறம், ஐயகோ, ஆதம்பாவா!

மூடி திறந்தது. நெய்ச்சோற்று மலை ஆவி கக்கிற்று. அதன் சரிவெங்கும் கஜு என்னும் முந்திரி பொன்னென மின்ன, பொரித்த கோழிகள் உச்சியில் கொலுவிருந்தன. ஸாஹிரோ வெள்ளரித் துண்டைக் கேடயமாக்கி, ஒற்றைப் பருக்கையைப் பெருங்கவளம்போல் மென்றபடி, தன் பங்குச் சோற்றை விரல்நுனியால் அயல்நாட்டுக்குள் மெல்லத் தள்ளினான்.

"என்ன மச்சான், என்ட வளவுக்குள்ள வேலியத் தள்ளிப் போடுறாய்?" என்று நிஸ்தார் அவ்வளவையும் திருப்பித் தள்ளி, எல்லைக்கல்லாக ஒரு கோழிக்காலையும் நட்டான்.

"தின்னுங்க தம்பி, ஒரு நாளைக்குத் திண்டா ஒண்டும் ஆகா" என்று ஆதம்பாவா, மடிப்பைப் பிரித்த அதே விரல்களால் இறைச்சியை வாரிக் குவித்தார். அளவறிந்த மனிதர் அல்லவா!

ஐந்து கைகள் ஓய்ந்தன. ஐந்து சோடிக் கண்கள் ஸாஹிரின் மூலையில் இடியாது நின்ற சோற்றுக் கோட்டையை முற்றுகையிட்டன. அப்போது முதுசிங்கம் வாய் திறந்தது.

"எங்கட சம்பந்தம் புடிக்கலயா மருமகன்? புடிச்சா கெதியா முடிங்க. கால் மரத்துப் போச்சு. நீங்க முடிச்சாத்தான் நான் எழும்பலாம்."

அவ்வளவுதான்! மாமனாரின் முழங்காலுக்கும் தன் இடுப்புக்கும் இடையே சிக்கிய அந்த மாவீரன், காதலுக்காகத் தவத்தையே பலியிடும் தியாகியென்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டு, மலையைச் சாய்த்து, கோழியைக் கோதி, குழம்புக் கடலை வற்றச் செய்து, பின்வந்த இனிப்பான வட்டிலப்பத்தை எவரும் வற்புறுத்தாத போதும் இருமுறை வென்று, வெற்றிமுரசென ஓர் ஏப்பம் அதிர, எல்லோருக்கும் முன்னதாக எழுந்து மாமனாருக்குக் கைகொடுத்துத் தூக்கினான்.

கலியாணப் படம் எல்லாவற்றிலும் ஸாஹிர் வயிற்றுக்கு மேலே கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான்.