ரெண்டே நிமிஷம் பார்த்துக்கோங்க

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் இருக்கிறோம். நலமாக இருக்கிறோமா என்பதைக் கடிதத்தை முழுதாகப் படித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள். நீ வாரம் இரண்டு முறை அம்மாவோடு தொலைபேசியில் பேசுவது சமையலறையிலிருந்து கூடம் வரை கேட்கிறது. அதனால் உன் நலத்தைத் தனியாக விசாரிக்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். போன சனிக்கிழமை திறந்தவெளி இசை விழாவில், சின்ன மேடையில், மாலை நான்கு பத்துக்கு நீ பாடினாய். பாடி முடித்ததும் அம்மாவைக் கூப்பிட்டு, "அப்பா வரலை" என்று இரண்டே வார்த்தை சொல்லி வைத்துவிட்டாயாம். அது தவறான தகவல். நான் வந்திருந்தேன். காலை பதினொன்றே காலிலிருந்து மாலை ஆறு நாற்பது வரை அந்த மைதானத்தில்தான் நின்றிருந்தேன். இது பதிவில் இருக்கட்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேனே தவிர, நீ வீட்டுக்கு வர வேண்டும் என்றோ என்னோடு பேச வேண்டும் என்றோ கேட்பதற்காக அல்ல. அந்த உத்தேசம் இந்தக் கடிதத்தில் எங்கேயும் கிடையாது.

இரண்டு வருடத்துக்கு முன்பு, கிடைத்த வேலையை நாலாவது மாதமே உதறிவிட்டுப் பாட்டுக் குழுவோடு கிளம்பினாய். இரண்டு பைகளோடு வாசலில் நின்றாய். நான், "பையை வேணும்னா வச்சிட்டுப் போ, பார்த்துக்கறேன்" என்றேன். ரயில் நிலையத்தின் பொருள் வைப்பறையில் முப்பத்துநான்கு வருடம் கவுன்டருக்குப் பின்னால் நின்றவனுக்கு அந்த நேரத்தில் வாயில் வந்தது அதுதான். சொல்ல வந்தது வேறு. நீ இரண்டு பைகளையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாய். அதற்குப் பிறகு நாம் பேசவில்லை.

சனிக்கிழமை காலை உன் அம்மா, முழங்காலில் கட்டோடு கட்டிலில் இருந்தபடியே, எனக்கு உத்தரவு போட்டாள். "நேரா முன்வரிசைக்குப் போங்க. எங்கயாவது ஓரமா தூண் மாதிரி நிக்காதீங்க. பாடும்போது அவளுக்கு உங்க மூஞ்சி தெரியணும்."

"என் மூஞ்சியைப் பார்த்தா அவளுக்குப் பாட்டு வருமா?"

"வராட்டி நிறுத்திட்டு உங்ககூடப் பேசட்டும். அதுக்குத்தானே அனுப்பறேன்."

நான் வரப்போவதை உனக்கும் முன்கூட்டியே சொல்லிவிட்டாள் என்பது எனக்குத் திரும்பி வந்த பிறகுதான் தெரியும்.

மாடி வீட்டுத் தையற்காரரிடம் ஒரு மடக்கு நாற்காலி இரவல் வாங்கிக்கொண்டு போனேன். அந்த நாற்காலிக்கு விரியத் தெரியும், நிற்கத் தெரியாது. வாசலில் எல்லோர் கையிலும் ஒரு துண்டுத் தாள் கொடுத்தார்கள், அதை அங்கே வாங்கிப் படித்த ஒரே ஆள் நான்தான் என்று நினைக்கிறேன். உயர நாற்காலிகள் கயிற்றுக்குப் பின்னால் இருக்க வேண்டும், தாழ்ந்தவை முன்னால். ஓர் ஆளுக்கு ஒரு நாற்காலிதான். காலியாகக் கிடக்கும் நாற்காலியில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம், ஆனால் உரியவர் வந்ததும் எழுந்து இடம் கொடுக்க வேண்டும். சின்ன மேடைப் பக்கம் நாற்காலியே கூடாது, பாய்தான். உனக்குத் தெரியும், என் இடுப்பும் முழங்காலும் தரையில் உட்கார்ந்து பத்து வருடம் ஆகிறது. இருந்தாலும் நான்கு மணிக்குப் போய் ஓரமாக நின்றாவது கேட்கலாம், அதுவரை பெரிய மேடைப் பக்கம் இருப்போம் என்று ஓர் இடம் பார்த்து நாற்காலியை விரித்தேன். ஐந்து நிமிடத்தில் பின்னாலிருந்து ஒருவர், "சார், மேடையைப் பார்க்கத்தான் டிக்கெட் எடுத்தோம், உங்க முதுகை இல்ல" என்றார். நியாயம்தானே என்று ஒரு வரிசை பின்னால் போனேன். அங்கே ஒரு குடும்பம் ஆறு பேருக்குப் பதினான்கு நாற்காலி போட்டிருந்தது. மீதி எட்டும் யாருக்கு என்று கேட்டதற்கு, "கால் நீட்ட" என்றார்கள். அதற்கும் பின்னால் போனால் ஒரு அம்மாள் தன் நாற்காலியில் கைப்பையை உட்கார வைத்துவிட்டுத் தான் நின்றுகொண்டிருந்தார். இப்படி ஏழு முறை மரியாதையாக நகர்ந்ததில் பகல் பன்னிரண்டே முக்காலுக்கு மைதானத்தின் கடைசிக்கே வந்து சேர்ந்தேன். அது, பெரிய மேடையிலிருந்து சின்ன மேடைக்குப் போகிற வழியின் வாய். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் ஜனம்.

இங்கேதான் தவறு நடந்தது. தொப்பி வைத்த ஒரு ஆள் நாற்காலியோடு வந்தார். சின்ன மேடைக்கு நாற்காலி கூடாது என்று யாரோ திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். இடமும் வலமும் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். முப்பத்துநான்கு வருடத்தில் அந்த முகத்தில் என்ன எழுதி ஒட்டியிருக்கிறதோ, நேரே என்னிடம் வந்து, "ஐயா, ரெண்டே நிமிஷம் பார்த்துக்கோங்க" என்று நாற்காலியை என் காலடியில் சாய்த்துவிட்டுப் போய்விட்டார். என் கை என்னைக் கேட்காமலே சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தது. துண்டுத் தாளில் 1 என்று இரண்டு தரம் எழுதி, பாதியைக் கிழித்து, ஓடிப் போய் அவரிடம் கொடுத்து, மற்ற பாதியை நாற்காலிக் காலில் செருகினேன். திரும்பி வந்தால் மூன்று பேர் நாற்காலிகளோடு நிற்கிறார்கள். பத்து நிமிடத்தில் வரிசையே நின்றது. எனக்குப் பின்னால் நாற்காலிகள், முன்னால் வரிசை, கையில் டோக்கன். பார்ப்பவர்கள் வேறு என்ன நினைப்பார்கள்? விழாக் குழுக்காரர் ஒருவர் அவசரமாக வந்து, "என்ன சார், உங்களுக்கு இன்னும் சட்டை தரலையா?" என்று வருத்தப்பட்டு ஒரு மஞ்சள் மேல்சட்டையை மாட்டிவிட்டார். நான் விளக்கம் சொல்வதற்குள், "உங்களை மாதிரி ஆளுங்க இருக்கறதாலதான் விழா நடக்குது" என்று கைகுலுக்கிவிட்டுப் போய்விட்டார். மூன்று மணிக்குள் இருபத்திரண்டு நாற்காலி, இரண்டு குடை, ஒரு மத்தளம் சேர்ந்துவிட்டன. மத்தளக்காரரிடம், "இது நாற்காலி இல்லையே" என்றேன். "இதுமேலயும் உட்காரலாம் சார்" என்றார்.

மூன்றே முக்காலுக்கு அந்த விழாக் குழுக்காரரைப் பிடித்து, என்னை விடுவிக்க ஆள் வேண்டும், பொறுப்பை மாற்றி எழுதிக்கொடுத்துவிட்டுப் போகிறேன் என்றேன். "இதோ அனுப்பறேன்" என்றார். அவர் இன்னும் அனுப்பவில்லை. நான்கு மணி ஆயிற்று. நான்கு ஐந்து ஆயிற்று. சின்ன மேடை அங்கிருந்து இருநூறு அடி. நடுவில் மரங்கள். பெரிய மேடையில் யாரோ முரசைத் தட்டித் தட்டி, "சத்தம் வருதா, சத்தம் வருதா" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். வந்துகொண்டேதான் இருந்தது, அதுதான் கஷ்டம். உன் முதல் பாட்டு எனக்குக் கேட்கவில்லை. இரண்டாவது பாட்டின்போது முரசுக்காரர் தண்ணீர் குடிக்கப் போனார் போலிருக்கிறது. காற்றும் திரும்பியது. உன் குரல் வந்தது. மூன்று டோக்கன் எழுதுகிற நேரம்தான், ஆனால் வந்தது. அந்தச் சமயம் பார்த்து, மதியமே தன் நாற்காலியை என்னிடம் விட்டுப் போயிருந்த கைப்பை அம்மாள் அதைக் கேட்டு வந்து நின்றார். நான், "கொஞ்சம் இருங்கம்மா" என்றேன். முப்பத்துநான்கு வருடத்தில் கவுன்டருக்கு வந்த ஒருவரைக்கூட நான் காக்க வைத்ததில்லை.

"என்னங்க, காத்துல எதையோ பார்த்துட்டு நிக்கறீங்க?" என்றார்.

"என் பொண்ணு பாடறா."

"எங்க?"

"அங்க."

"அப்ப நீங்க ஏன் இங்க நிக்கறீங்க?"

பின்னால் இருந்த நாற்காலிகளைக் காட்டினேன். "இதையெல்லாம் யாரு பார்த்துக்குவா?" என்றேன்.

"நல்ல மனுஷன்யா நீங்க! நாற்காலி போனா வேற நாற்காலி. போங்க, ஓடுங்க!"

ஓடினேன். பதினோரு அடி ஓடியிருப்பேன். பின்னால், "யாருங்க இங்க டோக்கன்?" என்று குரல் கேட்டது. எண் 1, தொப்பிக்காரர். ரெண்டே நிமிஷம் என்று போனவர் மூன்றரை மணி நேரம் கழித்து வந்திருக்கிறார், டோக்கனைத் தொலைத்துவிட்டு. "நீலக் கலர் நாற்காலிதான் சார் என்னோடது" என்கிறார். அங்கே பதினோரு நாற்காலி நீலம். டோக்கன் இல்லாதவருக்குப் பொருள் கொடுப்பதற்கு மூன்று கேள்வி, இரண்டு கையெழுத்து. அது முடிந்தபோது அந்தப் பக்கம் கைதட்டல் கேட்டது. உனக்குத்தான். நன்றாகவே தட்டினார்கள். நானும் தட்டியிருப்பேன், கையில் பேனா இருந்தது.

அதன்பின் எனக்கு அவசரம் இல்லை. ஐந்து மணிவாக்கில், தோளில் ஒயர் சுருளோடு மேடை வேலை செய்கிற பெண் ஒருத்தி ஒரு மடக்கு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள். சின்ன மேடையின் முன்வரிசையில் கிடந்ததாம். நாற்காலியே கூடாத இடத்தில் அது எப்படி வந்தது என்று கேட்டேன்.

"யாருக்கோ ஸ்பெஷலா பர்மிஷன் வாங்கிப் போட்டிருக்காங்க சார். பெரிய மனுஷர் யாராவது இருக்கும். கடைசி வரைக்கும் ஆள் வரலை. ஒருத்தரையும் உட்கார விடலை, காலியாவே கிடந்தது."

எண் 27 போட்டேன். டோக்கனின் மறுபாதியை வாங்கிக்கொள்ளக்கூட நிற்காமல் போய்விட்டாள். இதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதாமல் என்னால் இருக்க முடியவில்லை. அவ்வளவு பேர் புல்லில் முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, முன்வரிசையில் தனக்கென்று ஒரு நாற்காலியைப் போட வைத்துவிட்டு வராமல் இருப்பவர் எப்படிப்பட்ட மனிதர்? பாடுகிறவர் கண்ணுக்கு நேரே அந்தக் காலி நாற்காலிதானே தெரியும்? இதைக்கூட யோசிக்காதவர் வீட்டில் மனைவி மக்களை எப்படி நடத்துவாரோ. அவரைப் பார்த்தால் நாலு வார்த்தை கேட்கலாம் என்றே ஆறு நாற்பது வரை காத்திருந்தேன். முப்பத்தொரு பொருளில் முப்பது போய்விட்டது. அது மட்டும் நின்றது. விழாக் குழுக்காரர்களோ, "யாரோடதுன்னு தெரியலைங்க, நீங்களே வச்சுக்கோங்க" என்றார்கள். பிறர் பொருளை வைத்துக்கொள்வதற்கும் பாதுகாப்பதற்கும் உள்ள வித்தியாசம் இந்தத் தலைமுறைக்குத் தெரியவில்லை. இரண்டு நாற்காலியையும் இரண்டு கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பேருந்தில் ஏறினேன். கூட்டம். நடத்துநர் என்னைப் பார்த்து, "ரெண்டு நாற்காலியைக் கையில வச்சிக்கிட்டு நின்னுக்கிட்டே வர்ற ஆளை இப்பதான் சார் பார்க்கறேன்" என்றார். பேருந்தே சிரித்தது. நானும் சிரித்திருக்கலாம்.

வீட்டில் உன் அம்மா நான் சொன்னதை நம்பவில்லை. "அவ பாடினப்போ எங்க இருந்தீங்க?" என்றாள். நாற்காலி பார்த்துக்கொண்டிருந்தேன் என்றேன். மூன்று நாளாகச் சாப்பாடு வைக்கிறாள், பேச்சு வைப்பதில்லை. இப்போது என்னோடு பேசாதவர்கள் வீட்டுக்கு உள்ளே ஒருவர், வெளியே ஒருவர்.

அந்த 27 கூடத்து மூலையில் மடங்கியபடியே சாய்ந்து நிற்கிறது. முப்பத்துநான்கு வருடத்தில் பிறர் வைத்துவிட்டுப் போன எதையும் நான் திறந்ததும் இல்லை, பிரித்ததும் இல்லை. ஆனால் மூன்று நாள் யாரும் கேட்டு வராவிட்டால் ஒரு சாட்சியை வைத்துக்கொண்டு பிரித்துப் பார்த்து விவரம் குறிக்க வேண்டும், அது விதி. இன்று மூன்றாம் நாள். மாலையில் அந்த வேலையை முடித்துவிட்டு இக்கடிதத்தைத் தபாலில் சேர்ப்பேன்.

மற்றபடி எழுத ஒன்றும் இல்லை. நான் வந்தேன், நீ பாடியதில் மூன்று டோக்கன் அளவு கேட்டேன், அது நன்றாக இருந்தது. இதற்குப் பதில் எழுத வேண்டாம். தொண்டைக்கு ஐஸ் தண்ணீர் ஆகாது. உன் குழுவினர் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல். நீ எந்த ஊரில் எதை வைத்துவிட்டுப் போனாலும் திரும்பி வரும்போது அது வைத்த இடத்திலேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
(ஓய்வுபெற்ற எழுத்தர், பொருள் வைப்பறை)

பின்குறிப்பு: மாலை ஐந்தரை. உன் அம்மாவைச் சாட்சியாக வைத்துக்கொண்டு எண் 27 பிரிக்கப்பட்டது. விவரம்: நீலத் துணி, இரும்புக் கால், நிற்கத் தெரிந்த நாற்காலி. முதுகுத் துணியில், மடித்தால் உள்ளே போய்விடுகிற பக்கத்தில், ஊசி குத்திய ஒரு தாள். அதில் உள்ளது: "இது அப்பாவுக்கு. அவரால் தரையில் உட்கார முடியாது. தயவுசெய்து வேறு யாரும் உட்கார வேண்டாம்." கையெழுத்தை அடையாளம் காணச் சாட்சி தேவைப்படவில்லை. சாட்சி தாளை வாங்கி இரண்டு முறை படித்தாள். மூன்று நாளுக்குப் பிறகு முதல் தடவையாக வாயைத் திறந்து, "அந்தப் பெரிய மனுஷர் யாருன்னு தெரிஞ்சுதா?" என்றாள்.

அந்த மனிதரைப் பற்றி மேலே எழுதியதை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். பதிவேட்டில் அடித்தல் திருத்தல் கூடாது. அதனால் விட்டிருக்கிறேன். அதில் தவறும் ஒன்றும் இல்லை.

டோக்கன் 27-இன் மறுபாதி இத்துடன் இருக்கிறது. பொருள் தபாலில் அனுப்பப்படமாட்டாது, அம்மாவிடமும் கொடுக்கப்படமாட்டாது. உரியவர் டோக்கனோடு நேரில் வர வேண்டும். தொலைத்துவிட்டால் டோக்கன் இல்லாமலும் வரலாம். எந்த நேரமும் ஆள் இருக்கும்.

காலியாகக் கிடக்கும் நாற்காலியில் யாரும் உட்காரலாம் என்று விழாத் தாளில் போட்டிருக்கிறது. அந்த விதிப்படி இதை அதில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். நீ வந்ததும் எழுந்துவிடுவேன்.