ரீசார்ஜ் தீர்வதற்குள் ஒரு சண்டை

விழுப்புரம் ஜில்லாவிலேயே செல்போன் கம்பெனியிடம் ஏமாறாத ஒரே மனிதர் எங்கள் 'வேலிடிட்டி'தான். அப்படி அவரே சொல்லிக்கொள்வார். திண்டிவனத்தில் நான் கணக்கு எழுதிய மல்லாட்டை மண்டியில், அதாவது நிலக்கடலை மண்டியில், மூட்டைகளை எடை போட்டவர். அவருடைய சொந்தப் பெயர் முதலாளிக்கே மறந்துவிட்டது.

இருபத்தெட்டு நாளில் ரீசார்ஜ் தீர்ந்துபோவதுதான் அவருக்குத் தீராத எரிச்சல். "ஊருக்கெல்லாம் வருசத்துக்குப் பன்னெண்டு மாசம் சார், செல்லுக்கு மட்டும் பதிமூணு! சாவுறதுக்குள்ள நெலத்துல ஒரு போரு போடுற காசு இதுக்கே பூடும்!" இந்த நியாயத்தை வைத்து முதலாளியிடம் பதிமூன்றாவது மாதச் சம்பளம் கேட்டார். டீ குடிக்கப் போன முதலாளி சாயங்காலம்தான் திரும்பினார்.

அப்புறம் வந்தது, எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம் என்ற திட்டம். வினையும் கூடவே வந்தது. "காசு குடுத்தாச்சு, பேசாம வுட்டா யாருக்கு நட்டம்?" காலையில் மண்டிக்கு வர விழுப்புரத்தில் பஸ் ஏறியதும் எனக்குப் போன். "சார், ஜன்னலோரம் சீட்டு கெடச்சிது." விக்கிரவாண்டியில் மறுபடி. "டோல்கேட்டுல நின்னுக்கினு இருக்கோம் சார். முன்னாடி ஒரு வைக்கோல் லாரி." பல் விளக்கிக்கொண்டே நான் 'ம்' கொட்ட வேண்டும்.

இப்படி எல்லாருக்கும் அடித்தார், கெடார் கிராமத்தில் இருக்கும் சொந்தத் தம்பியைத் தவிர. வரப்புத் தகராறில் இருவரும் பேச்சை நிறுத்தி வருஷக்கணக்காகிவிட்டது. தம்பி பேச்சை எடுத்தாலே சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவார்.

ஒருநாள் மத்தியானம் முகம் தொங்கிப்போய் வந்தார். "இன்னிக்கோட முடியுது சார். ஒருத்தனும் போன எடுக்க மாட்றான். பேஜாராப் போச்சு."

"தம்பிக்கு அடியுங்களேன்."

"அவங்கிட்டயா? நானா?" என்று முறைத்துவிட்டு மூட்டைகளுக்குப் பின்னால் போனார். கொஞ்ச நேரத்தில் மண்டியே அதிர்ந்தது. "வரப்ப வெட்னது நீயா, நானா? டேய், வச்சிடாதடா! காசு கட்டியிருக்கேன், முழுசா திட்டிக்கிறேன்!" பொழுது சாயும்வரை திட்டினார். கடைசியில் குரல் இறங்கியது. "முட்டிவலி இப்ப தேவலையாடா?" எனக்கே கண் கலங்கிவிட்டது.

மறுநாள் அவர் ரீசார்ஜ் போடவில்லை. ஆனாலும் போன் அடித்தது. தம்பிதான் ரீசார்ஜ் போட்டுவிட்டு அடித்திருந்தார். "நேத்து முழுக்க நீயே திட்டிக்கினு இருந்த. இன்னிக்கி நான் திட்ட வேணாமா?"

இப்போது அவர் மண்டி வேலையை விட்டுவிட்டார்; அண்ணனும் தம்பியும் கெடாரில் ஒன்றாகப் பயிர் வைக்கிறார்கள். தம்பி பக்கத்திலேயே இருப்பதால் மொத்தப் பேச்சும் என் தலையில்தான் விடிகிறது. "சார், கேப்பைக்குத் தண்ணி பாயுது." தினமும் சலித்துக்கொண்டேதான் எடுக்கிறேன்.

போன வாரம் ஒருநாள் காலையில் போன் வரவில்லை. பிரஷ்ஷை வாயில் வைத்தபடியே, அவர் நம்பருக்கு நானே ரீசார்ஜ் போட்டுவிட்டேன்.