ஈசான மூலைக்குச் சரிந்த கரவன்

ஒழுங்கானவர்களுக்கென்று ஒரு மூடநம்பிக்கை உண்டு. எதையும் வரிசை பிசகாமல் செய்தால் விபரீதம் வராது என்று நம்புவார்கள். நான் அந்த மதத்தில் நீண்ட காலம் பூசாரியாக இருந்தவன். எங்கள் சமையலறையில் மிளகாய்த்தூள் போத்தலுக்கும் பெயர் ஒட்டியிருக்கும் (பார்த்தால் தெரியாதா என்று மனைவி சாந்தி கேட்பாள்). வேலையும் அப்படித்தான். கட்டட வரைபடங்களில் அளவுகள் சரியா என்று பார்ப்பது.

தொண்ணூறுகளின் தொடக்கம். லண்டனில், ரெய்னர்ஸ் லேனில் எங்கள் சிறிய வீட்டின் எல்லா அறைகளிலும் ஊரிலிருந்து வந்த உறவினர்கள் படுத்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் சாந்தியின் தகப்பனார் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சேர்ந்தார். மாமா சுத்த சைவம். நாங்களோ மீன் பொரிக்கிற ஆட்கள். வந்த நாளிலிருந்து சோபாவின் ஒரு நுனியில், பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் போல இருந்தார். பேச்சு குறைவு. சிரிப்பு அறவே இல்லை.

சாந்தியின் தங்கை கமலா லண்டனின் மற்றக் கோடியில், சட்டனில் இருந்தாள். அவளுடைய கணவன் குகன் தொலைபேசியில், "மாமாவை எங்களிட்ட அனுப்புங்கோ அண்ணை. ஒரு அறை சும்மா கிடக்கு" என்றான். நியாயமான பேச்சு. ஆனால் சாந்தி சம்மதிக்கவில்லை. தாய் இறந்தபோது ஊருக்குப் போக முடியாமற் போனவள். தகப்பனையாவது கண் முன்னால் வைத்திருக்க வேண்டும் என்பது அவளுடைய பிடிவாதம்.

அப்போதுதான் எனக்குக் கரவன் யோசனை வந்தது. காருக்குப் பின்னால் கொளுவி இழுத்துப்போகும் சில்லு வீடு. வேலையிடத்தில் ஒருவர் கழித்துவிட இருந்ததை வாங்கி, வீட்டு முன்றலில் நிறுத்தினேன். கட்டில், காஸ் அடுப்பு, யன்னல், திரைச்சேலை எல்லாம் இருந்தன. மாமா தன் பாட்டில் சமைக்கலாம், தேவாரம் பாடலாம், மீன் மணம் அண்டாது.

மாமா உள்ளே ஏறினார். கரவன் ஆடியது. கட்டிலில் இருந்தார். ஆடியது. நான் கொண்டுபோன தேத்தண்ணி கோப்பையை விட்டுத் தட்டுக்கு வந்தது.

"தம்பி," என்றார் மாமா, மிக மெல்ல. "ஊரை விட்டு வெளிக்கிட்ட நாள் தொடக்கம் எல்லாம் ஆடிக்கொண்டுதான் கிடக்கு. படுக்கிற இடமாவது ஆடாமல் இருந்தால் காணும். இல்லாட்டி நான் சட்டனுக்கே போறன்."

அன்றே நூலகத்துக்குப் போய்க் கரவன் பற்றிய புத்தகமொன்றை எடுத்து வந்தேன். விஷயம் எளிது. கரவனுக்கு நடுவில் ஒரு சோடிச் சில்லுத்தான். காரிலிருந்து கழற்றினால் அது பிள்ளைகள் விளையாடும் ஏறி இறங்கும் பலகை. ஆகவே முதலில் சில்லுகள் உருளாமல் அடை கொடுக்க வேண்டும். பள்ளமான பக்கத்துச் சில்லுக்குக் கீழே பலகை வைத்து மட்டப்படுத்த வேண்டும். கடைசியாக நான்கு மூலையிலும் மடிந்திருக்கும் இரும்புக் கால்களை இறக்கி, அடியில் மரக்கட்டை வைத்து இறுக்க வேண்டும். அந்தக் கால்கள் கரவனைத் தூக்குவதற்கல்ல, ஆடாமல் பிடிப்பதற்கு. இதை வீட்டில் எல்லோருக்கும் விளங்கப்படுத்தினேன் (ஒருவரும் கேட்கவில்லை).

மாமா பஞ்சாங்கம் பார்த்து, ஞாயிறு பதினொரு மணிக்குப் பால் காய்ச்சலாம் என்றார். கரவனுக்கும் பால் காய்ச்ச வேண்டுமா என்று நான் கேட்கவில்லை. அவர் தானாக ஆசைப்பட்ட முதல் விஷயம் அது. திசைகாட்டி வைத்துப் பார்த்ததில், அடுப்பு இருந்த பின்பக்கம் அச்சொட்டாக ஈசான மூலையில் விழுந்தது. பால் அந்தப் பக்கம் பொங்கி வழிந்தால் விசேஷம்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அந்தச் சனி இரவோடு கோடைகால நேரம் முடிந்து, மணிக்கூடுகளை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்ப வேண்டும். நான் படுக்கப் போகுமுன் வீட்டிலிருந்த எல்லா மணிக்கூடுகளையும் திருப்பினேன். மாமாவின் கையில் இருந்ததை மட்டும் விட்டுவிட்டேன்.

ஞாயிறு காலை சில்லுகளுக்கு அடை வைத்தாயிற்று. நீர்மட்டத்தில் குமிழி நடுவில் வந்து நின்றது. முன்கால்கள் இரண்டையும் இறக்கி இறுக்கினேன். பின்கால்களுக்குப் போக எழும்பும்போது மாமா பட்டு வேட்டியோடு வந்து நின்றார். பின்னால் பால் சட்டியோடு சாந்தி, கமலா, தோளில் பெரிய வீடியோக் கமராவோடு குகன்.

"மாமா, இப்ப பத்து மணிதானே," என்றேன்.

மாமா கையைத் திருப்பிக் காட்டினார். பதினொன்று.

"நேற்று ராத்திரி நேரத்தை மாத்தினவங்கள், மாமா."

"வெள்ளைக்காரன் மணிக்கூட்டைத் திருப்பினால் சூரியனும் திரும்பிப் போகுமோ?"

வானசாஸ்திரப்படி அவர் சொன்னது முழுக்கச் சரி. "இன்னும் பின்பக்கம் ரெண்டு கால் இறக்கக் கிடக்கு," என்றேன் சாந்தியிடம்.

"இஞ்சருங்கோ, அதைப் பிறகு இறக்கலாம். நல்ல நேரம் போகப் போகுது."

ஏறினோம். நான் மட்டும் முன்பக்கமாக நின்றுகொண்டேன். காரணத்தைச் சொல்லியிருக்கலாம். ஆனால் வரிசை குழம்பிய கோபத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றேன். பால் சூடேறியது. மாமா பின்மூலையில், தான் ஏற்றி வைத்த குத்துவிளக்கின் பக்கத்தில், கமலாவும் சாந்தியும் அடுப்படியில். குகன் (அவன் இரண்டு ஆளுக்குச் சமன்) எல்லோரையும் படத்துக்குள் அடக்குவதற்காகப் பின்னுக்குப் பின்னுக்குப் போய் யன்னலோடு ஒட்டிக்கொண்டான். கரவன் லேசாக முனகியது.

"அண்ணை, உங்களைக் காணேல்லை. படத்துக்குள்ள வாங்கோ."

"அங்க என்ன கோவிச்ச மாப்பிள்ளை மாதிரி நிக்கிறியள்?" என்றாள் சாந்தி. "பொங்கப் போகுது, வாங்கோ."

நான் ஒரு அடி எடுத்து வைத்தேன்.

பின்பக்கம் மெதுவாக, மிக மரியாதையாகக் கீழே போனது. முன்பக்கம் மேலே எழும்பியது. நான் மீதித் தூரத்தை நடக்காமலே கடந்து குகனின் வயிற்றில் போய் நின்றேன். சட்டி அடுப்பிலிருந்து வழுக்கி, மெத்தையில் கவிழ்ந்தது. கமலா எட்டி காஸை மூடினாள். அங்கிருந்தவர்களில் அறிவோடு நடந்துகொண்டது அவள் மட்டும்தான். விளக்கு பாலில் அணைந்தது.

வெளியே பக்கத்து வீட்டு ஜோர்ஜ் இரவு உடுப்போடு ஓடி வந்து, காரோடு பூட்டும் முன்கொளுவி ஆகாயத்தில் நிற்க, அதைப் பிடித்துத் தொங்கினார். நாங்கள் ஒவ்வொருவராகச் சரிவில் தவழ்ந்து முன்னால் போனோம். கரவனின் முன்பக்கம் தடார் என்று திரும்பவும் கீழே வந்து நின்றது. ஜோர்ஜ் யன்னலால் எட்டிப் பார்த்து, காலை வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்.

மாமா மட்டும் மூலையிலேயே நிலத்தில் இருந்தார், சூடுபடாமல். பட்டு வேட்டியின் கரை பாலில் கிடந்தது. தலை குனிந்திருந்தது, தோள்கள் குலுங்கின. சாந்தி என்னைப் பார்த்த பார்வையில், மாமா சட்டனுக்கும் நான் தெருவுக்கும் போவது தெரிந்தது.

"அப்பா, அழாதேங்கோ," என்று அவள் குனிந்தாள்.

அவர் அழவில்லை. சிரித்துக்கொண்டிருந்தார். சத்தம் பிறகுதான் வந்தது.

"தம்பி," என்றார், மூச்சு வாங்கி. "பால் பொங்குமெண்டு பார்த்துக்கொண்டு இருந்தன். நீர் வீட்டையே பொங்க வைச்சிட்டீர்."

குகன் இடம் பார்த்துக் கதைப்பவன். "மாமா, பேசாமல் எங்கட வீட்டை வாங்கோ. அங்க ஒண்டும் ஆடாது."

"உம்மட வீட்டில பால் எந்தப் பக்கம் பொங்கினது?"

குகன் தயங்கினான். "கரண்ட் அடுப்பு மாமா. அது பொங்கேல்லை. வத்திப் போச்சு."

மாமா ஈசான மூலையைக் கையால் தொட்டுக் காட்டினார். "இஞ்ச பாரும். ஒரு சொட்டு வேற பக்கம் போகேல்லை. நான் எங்கையும் வரேல்லை." பிறகு என்னிடம், "அந்தப் பின்கால் ரெண்டையும் இறக்கிவிடும்," என்றார்.

இறக்கினேன். மாமா அதில் பல வருடம் இருந்தார். அந்த மெத்தையிலிருந்து பால் மணம் கடைசிவரை போகவில்லை. குகனின் கமரா ஒரு கணமும் நிற்கவில்லை. அந்த வீடியோக் கசற் ஓடாத பிறந்தநாள் எங்கள் குடும்பத்தில் இல்லை.

லண்டனில் எந்த உறவினர் புதுவீடு வாங்கினாலும், பால் பொங்கச் சுணங்கினால் யாராவது சொல்வார்கள்: "அண்ணையைக் கூப்பிடுங்கோ. ஒருக்கா வீட்டைச் சரிச்சுவிடட்டும்." எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் அடுப்படிக்குப் போக மாட்டேன். அத்திவாரம் போட்ட செங்கல் வீடுதான், எனக்கும் தெரியும். இருந்தாலும் எல்லோரும் ஒரு பக்கமாகச் சேர்ந்து நிற்கும்போது, ஒருவராவது மற்றப் பக்கம் நிற்பது நல்லது.