ஒரு தரம் கேட்டால் போதாது

‘விருந்தினர்: திரு. ரத்தினசாமி, விவசாயி, பாலக்காட்டுச் சித்தூர். எதையும் உண்பார். எதையும் மறுப்பதில்லை.’

சாந்தன்பாறைக்கு மேலே, ஏலத்தோட்டத்துக்கு நடுவில், ஜப்பானியப் பாணியில் விருந்து வைக்கும் உயர்தர உணவகம் ஒன்றில் மேசை பதிவு செய்தபோது அவருடைய மகள் செல்வப்பிரியா எழுதிக் கொடுத்த குறிப்பு இது. விவசாயி என்பது சரி. எதையும் உண்பார் என்பதும் சரி. எதையும் மறுப்பதில்லை என்பதைப் போல ஒரு பொய்யை அந்தப் பெண் அதற்கு முன் சொன்னதில்லை.

ஏனென்றால் ரத்தினசாமி ‘வேண்டாமுங்க’ இனத்தைச் சேர்ந்தவர். இந்த இனத்தை நீங்கள் பார்க்காமல் இருக்க முடியாது. காபி குடிக்கிறீர்களா என்றால் “இப்பத்தானுங்க குடிச்சேன்” என்பார், குடித்திருக்க மாட்டார். பஸ்ஸில் இடம் கொடுத்தால் “அடுத்த ஸ்டாப்புதானுங்க” என்பார். பாலக்காடு வரைக்கும் போகிறவர். கல்யாணப் பந்தியில் பாயச வாளி கிட்டே வரும்போது இலைமேல் கையை விரித்து மறைத்து, முகத்தை அந்தப்பக்கம் திருப்பி, “ஐயோ போதுமுங்க, போதுமுங்க” என்று, ஏதோ கொலைக்குத் தப்பிக்கிறவர் மாதிரி மன்றாடுவார். ஆனால் விரல்களுக்கு நடுவே பாயசம் தாராளமாக இறங்குகிற அளவுக்கு இடைவெளி விட்டிருப்பார். பரிமாறுகிறவர் விரலைப் பார்த்துத்தான் ஊற்றுவார். வாயை யார் கேட்டது?

இவர்கள் பொய்யர்களா? சேச்சே. மனசில் இல்லாததை இவ்வளவு நேர்மையாகச் சொல்கிறவர்கள் வேறு யாரும் கிடையாது. முதல் மறுப்பு மரியாதைக்கு. இரண்டாவது, கேட்கிறவர் மனசாரத்தான் கேட்கிறாரா என்று பார்ப்பதற்கு. மூன்றாவது மறுப்பு என்று ஒன்று இதுவரை நடந்ததே இல்லை.

ஊர் வயல்காரர்களின் சங்கமான பாடசேகர சமிதிக்கு ரத்தினசாமிதான் வெகுகாலமாகத் தலைவர். ஒவ்வொரு தேர்தலிலும் “நமக்கெதுக்குங்க பதவி, சின்னப் பசங்க யாராச்சும் பாக்கட்டும்” என்பார். கையைப் பிடித்து இழுத்துவந்து நாற்காலியில் உட்கார வைப்பார்கள். ஒரு வருஷம் அஜய் என்கிற புது உறுப்பினர், பட்டம் வாங்கிய பையன், “சரிங்க, அப்ப வேற ஆளப் பாக்கலாம்” என்று எழுந்தான். கூட்டம் திகைத்துப் போயிற்று. அந்தப் போகம் முழுக்க அஜய் வயலுக்கு வாய்க்கால் தண்ணீர் கடைசியாகத்தான் போனது.

இப்படிப்பட்டவரை அந்த மலைக்குக் கூட்டிப்போன காரணம், அங்கே சமைக்கிற ரிஜின். சக்குபள்ளம் ஏலத்தோட்டத்தில் வேலை பார்க்கும் மிக்கேல்ராஜின் மகன். கோயமுத்தூரில் செல்வப்பிரியாவோடு படித்தவன். பிறகு ஜப்பானில் அடுப்படியில் நின்று தொழில் கற்றவன். செல்வப்பிரியாவைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறவன். கோயிலா சர்ச்சா என்று சித்தூர் வீட்டில் மாதக்கணக்கில் நடந்த சண்டை ஒருவழியாக ஓய்ந்திருந்தது. அன்றைக்குக் கிளம்பும்போது ரத்தினசாமியே மனைவி பூவாத்தாளின் காதில், “பையன் வாயத் தொறந்து கேக்கட்டும், குடுத்தர வேண்டியதுதான்” என்று சொல்லிவிட்டுத்தான் காரில் ஏறினார். ஆக, சம்மதம் தயார். கேட்க வேண்டியது மட்டும்தான் பாக்கி.

அந்த உணவகத்தில் மெனு கார்டு கிடையாது. சமையல்காரன் தருவதைச் சாப்பிட வேண்டும். உள்ளங்கையளவுத் தட்டுகளில் ஒவ்வொரு வாயாக வந்துகொண்டே இருக்கும். பரிமாறுகிறவர்களுக்குச் சட்டம் ஒன்றே ஒன்று: விருந்தாளியை வற்புறுத்தக் கூடாது. வேண்டாம் என்றால் ஒரு புன்னகை, ஒரு வணக்கம், தட்டு உள்ளே. (ஜப்பானியர்களும் ஒருவகையில் ‘வேண்டாமுங்க’ இனம்தான் என்று சொல்வோர் உண்டு. இருக்கலாம். ரிஜின் படித்தது அடுப்படியில். விருந்துக் கூடத்தில் அல்ல.) நாகரிகம் என்றால் இதுவல்லவா நாகரிகம்? ரத்தினசாமியை அழிக்க இதைவிட நல்ல ஏற்பாட்டை அஜய்கூட யோசித்திருக்க முடியாது.

பரிமாற வந்த பெண் நிமி. முதலில் சின்னக் கிண்ணத்தில் ஆவியில் வேகவைத்த முட்டை, ஏலக்காய்ப் புகையோடு.

“எனக்கெதுக்குங்க இதெல்லாம். அவங்களுக்கு வைங்க.”

“சரிங்க சார்” என்று நிமி கிண்ணத்தை எடுத்துப் பூவாத்தாள் முன்னால் வைத்தாள். பூவாத்தாள் வேறு இனம், வைத்தால் சாப்பிடுவார். இரண்டையும் சாப்பிட்டார்.

அடுத்தது, புளிக்கவைத்த மொச்சை விழுதும் காந்தாரி மிளகாயும் தடவிக் கரியில் வாட்டிய மீன்துண்டு. ரத்தினசாமிக்கு நாக்கில் தண்ணீர் ஊறிற்று. “காரமெல்லாம் இப்பக் கொறச்சுட்டனுங்க” என்றார். மீன் போயிற்று. பிறகு தேயிலைக் கொழுந்தை மாவில் தோய்த்துப் பொரித்த ஒன்று. ஜப்பானியத்தில் என்னவோ பேர் சொன்னாள், பார்வைக்கு பஜ்ஜி. “எண்ணெப் பண்டமுங்களா? எடுத்துக்குங்க, எடுத்துக்குங்க.” எடுத்துக்கொண்டாள்.

“ஏனுங்க,” என்றார் பூவாத்தாள் தாழ்ந்த குரலில், “வேண்டாம்னா எடுத்துட்டுப் போயிர்றாங்க. புடிச்சு ஊத்தறதுக்கு இதென்ன நம்மூருப் பந்தியா? பேசாம வாங்கித் தின்னுங்க.”

“இன்னொருக்காக் கேக்க மாட்டாங்களா?”

“கேக்கறாப்ல தெரியல.”

“என்ன மொறைங்கறேன் இது!”

அதன்பிறகு, பெரியவரைத் தட்டுக்குத் தட்டு சங்கடப்படுத்த வேண்டாம் என்று, அவர் முன்னால் எதையுமே வைக்காமல் விட்டார்கள். கேட்காமல் கொடுத்தது சூடான ஈரத்துண்டு ஒன்றைத்தான். அதை வாங்கி நெற்றி, கழுத்து, காதுமடல் எல்லாம் துடைத்து, நன்றாக இருப்பதாகப் பாராட்டவும் செய்தார்.

உள்ளே ரிஜின் திரும்பி வந்த தட்டுகளைப் பார்த்தான். தொடாத மீன். தொடாத கொழுந்து. இது சாப்பாட்டுக்குச் சொல்கிற பதில் இல்லை, தனக்குச் சொல்கிற பதில் என்று புரிந்துகொண்டான். புத்திசாலிப் பையன், அதனால்தான் தப்பாகப் புரிந்துகொண்டான். ஆனாலும் எல்லாம் முடிந்ததும் ஏப்ரனைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, மேசைக்கு வந்து நின்றான்.

“அங்கிள், நான் சுத்தி வளைக்கல. செல்வாவ எனக்குக் கட்டித் தருவீங்களா?”

செல்வப்பிரியா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ரத்தினசாமிக்கு முகமெல்லாம் மலர்ந்தது. மலையேறி வந்ததே இதற்குத்தானே? மனசு சரி என்றது. தலைகூட லேசாக ஆடிற்று. வாய் மட்டும் பழைய வாய்.

“அட, அதெல்லாம் வேண்டாமுங்க தம்பி.”

“சரிங்க அங்கிள். புரியுது.”

ஒரு புன்னகை. ஒரு வணக்கம். ரிஜின் உள்ளே போய்விட்டான்.

“அம்மிணி, அவரெதுக்குப் போறாரு?”

“நீங்கதானப்பா வேண்டாம்னீங்க!”

“அது சும்மா மொதத் தரத்துக்குச் சொல்றது. இன்னொருக்காக் கேட்டா கொறஞ்சா போயிருவாரு?”

“சோத்துக்கே கேக்காதவிய,” என்றார் பூவாத்தாள், “புள்ளைக்கு மட்டும் கேப்பாங்களாக்கும்.”

செல்வப்பிரியா பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். கண் கலங்கியிருந்தது. ரத்தினசாமி உள்வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் வரவில்லை. அந்த உணவகத்தில் யாரும் வரப்போவதும் இல்லை. அவ்வளவு நாகரிகமான இடம்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் நீங்களும் இந்த இனம்தானே என்று இப்போது ஒருவர் உங்களைக் கேட்டால், “சேச்சே, நானெல்லாம் இல்லைங்க” என்பீர்கள். சொல்லிவிட்டு, அவர் இன்னொரு தரம் கேட்கட்டும் என்று காத்திருப்பீர்கள்.

ரத்தினசாமி காத்திருக்கவில்லை. எழுந்து சமையலறைக்குள் போய், இன்னொரு தரம் கேட்கும்படி ரிஜினிடம் கேட்டுக்கொண்டார். அவன் கேட்டான். இவர் சரி என்றார்.