ஓட்டை இல்லாத காவியம்

கடவுளே ஒரு பனியன் தைத்துக் கொண்டுவந்தாலும், ரிஜெக்ட் அண்ணன் அதை உள்பக்கமாகத் திருப்பிப் பார்த்து, தோள்பட்டைத் தையல் சரியில்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார். எங்கள் எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஃபைனல் செக்கிங் அவர் கையில். சட்டைப்பையில் எப்போதும் ஒரு சுருள் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் இருக்கும். துணியில் எங்கே குறையோ அங்கே ஒட்டுவதற்கு.

அந்த ஸ்டிக்கர் துணியோடு நின்றிருந்தால் எனக்கு நிம்மதி. எங்கள் ஊர் ராயபுரத்தில் ஒரு கல்யாணத்துக்கு ஆபீஸிலிருந்து சேர்ந்து போனோம். மேடையில் போட்டோவுக்கு நின்ற நேரத்தில் மாப்பிள்ளையின் காலரைத் திருப்பிப் பார்த்து, ஓர் அம்பை ஒட்டிவிட்டார். ஆல்பம் முழுக்க அந்த அம்பு இருக்கிறதாம். பக்கத்தில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நிற்பது நான். அவரோடு எங்கே போனாலும் மானம் போவது எனக்குத்தான்.

இப்படிப்பட்டவர் கண்ணில் என் படிப்பு பட்டிருக்கக் கூடாது. ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் வேலைக்கு நடுவே அஞ்சல்வழியில் எம்.ஏ. உலக இலக்கியம் படித்துக்கொண்டிருந்தேன். களிமண் பலகைகளில் எழுதப்பட்ட பழைய மெசப்பொட்டேமியக் காவியத்தைப் படிக்க எந்த இணையதளத்தை நம்பலாம் என்று மதிப்பிட்டு, பேராசிரியையும் வகுப்பும் பார்க்க வீடியோவில் பேச வேண்டும். தேறாவிட்டால் ஒரு வருஷம் போச்சு. சாப்பாட்டு வேளையில் ஆபீஸ் கம்ப்யூட்டரில் இரண்டு தளங்களைத் திறந்து வைத்திருந்தேன். ஒன்றில் களிமண் பலகைகளின் போட்டோ, மொழிபெயர்த்தவர் பெயர், வரிக்கு வரி, எழுத்து அழிந்த இடத்தில் புள்ளிகள், இங்கே பலகை உடைந்திருக்கிறது என்ற குறிப்புகள். இன்னொன்றில் கதை முதலிலிருந்து கடைசி வரை தங்குதடையில்லாமல் ஓடியது.

கை கழுவிவிட்டு வந்து பார்த்தால், ரிஜெக்ட் அண்ணன் முதல் தளத்துக்கு அம்பு ஒட்டிக்கொண்டிருக்கிறார். மானிட்டர் மேலேயே. பக்கத்தைக் கீழே தள்ளினால் எழுத்து நகர்கிறது, அம்பு நகர மாட்டேன் என்கிறது. ஒரு பாவமும் அறியாத வரிகளெல்லாம் குற்றவாளிகளாகிவிட்டன.

"ஏனுங்க அம்மிணி, இத ஆரு பாஸ் பண்ணுனது? பூராம் ஓட்டையா இருக்குதுங்க."

"அண்ணே, அது களிமண் பலகை. மண்ணுக்குள்ள கெடந்து ஒடஞ்சு போச்சு."

"ஒடஞ்சத எதுக்குங்க ஷிப்மெண்ட் பண்றாங்க?"

சிரித்தேன். ஆனால் அம்பு ஒட்டாமல் அவர் பாஸ் செய்த இரண்டாவது தளம் படிக்கச் சுலபம். எனக்கும் அதுதான் வசதி. அதையே சிறந்தது என்று எழுதிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை, நெட் நன்றாகக் கிடைக்கும் என்று ஃபேக்டரியிலிருந்தே பேசினேன். தான் பாஸ் செய்த சரக்கு ஆயிற்றே, ரிஜெக்ட் அண்ணனும் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். நாயகன் புலம்பும் அந்த நீண்ட பகுதி எந்தப் பலகையில் இருக்கிறது என்று பேராசிரியை நிதானமாகத்தான் கேட்டார். அந்தத் தளத்தில் தேடினேன். பலகை எண் இல்லை, எழுதியவர் பெயர் இல்லை. உடைந்த இடங்களை யாரோ சொந்தக் கற்பனையால் நிரப்பியிருக்கிறார்கள் என்றார் அவர். ரிஜெக்ட் அண்ணன் மைக் பக்கம் குனிந்தார்.

"ஓட்டைய அடச்சுப்போட்டு, சொல்லாம உட்டுட்டாங்களாங்க மேடம்?"

ஆமாம் என்றார் பேராசிரியை.

செக்கிங்கில் ஓட்டை சின்னக் குற்றம். ஓட்டையை ஊசியால் அடைத்து, வாங்குகிறவனுக்குத் தெரியாமல் பெட்டியில் போடுவதுதான் மன்னிக்க முடியாதது. ரிஜெக்ட் அண்ணன் முகம் செத்துப்போயிற்று.

"அப்பத் தப்பு என்ற மேலதானுங்க. இந்த அம்மிணி நல்ல பீஸையுந்தானுங்க எடுத்து வெச்சிருந்துது. நாந்தான் ரிஜெக்ட் பண்ணுனேன்."

வகுப்பே சிரித்தது. என் மதிப்பீட்டைச் செய்தது ஒரு பனியன் செக்கர் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கட்டிங் வேஸ்ட் மூட்டைக்குள் புகுந்துகொள்ளலாமா என்றிருந்தது. அடுத்த வாரம் புதிதாக எழுதி வரச் சொல்லி விட்டுவிட்டார் பேராசிரியை.

மறுநாள் காலை என் மானிட்டரில் ஓர் அம்பும் இல்லை. பசைகூடத் தெரியாமல் துடைத்திருந்தார். செக்கிங் மேஜையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்த ரிஜெக்ட் அண்ணனின் சட்டையில் ஒரு சிவப்பு அம்பு, அவர் முகத்தைக் காட்டியபடி. தவறி ஒட்டிக்கொண்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

சுலபமான தளத்தை எடுத்துக்கொண்டவள் நான்தான். அவர் சுருளிலிருந்து ஓர் அம்பைக் கிழித்து என் தோளில் ஒட்டிக்கொண்டேன். டீ நேரத்தில் இருவரும் அப்படியே கடைக்கு நடந்தோம். தெருவே பார்த்தது. அவரோடு நடக்க எனக்கு முதல் முறையாக வெட்கமாக இல்லை.