தொப்பியில் ஒட்டிய பரம்பரை

'உண்மையை மறைத்து அளிக்கப்படும் விண்ணப்பம் நிராகரிக்கப்படும்.' தாலுகா அலுவலகத்தில் முப்பது ஆண்டுகள் இந்த வரியை எழுதி ஆட்களைத் திருப்பி அனுப்பியவன் நான். அது என்மேலேயே பாய வேண்டிய நாளும் வந்தது.

ஓய்வுக்குப் பிறகு எனக்குச் சொற்கள் நழுவ ஆரம்பித்தன. சம்பந்தி முன்னால் 'சல்லடை' என்ற சொல் வராமல், "அந்த ஓட்டை ஓட்டையா இருக்குமே" என்று கையை ஆட்டினேன். "மூளை மங்கிப்போச்சுங்க," என்றாள் மனைவி சரஸ்வதி. இல்லை என்று காட்ட எனக்கு ஒரு காகிதம் வேண்டியிருந்தது. (காகிதத்தில் இல்லாத எதையும் நான் நம்புவதில்லை.) பெரியவர்களின் மூளை பேச்சை எப்படிப் புரிந்துகொள்கிறது என்று கோவையில் ஒரு கல்லூரியில் தலைக்குள் ஒளியைப் பாய்ச்சிப் பார்ப்பதாக அறிந்து, பெயர் கொடுத்தேன்.

படிவத்தின் ஏழாவது கேள்வி: தலைக்குச் சாயம் பூசியிருக்கிறீர்களா? பக்கத்து நாற்காலியில் இருந்து எட்டிப் பார்த்தார் பழனிச்சாமி. என்னிடம் உதவியாளராக இருந்தவர், தும்பைப்பூத் தலைக்காரர்; அவரும் பெயர் கொடுத்திருந்தார். காலை நடையில் தினமும் அவரிடம் "நரைக்காத பரம்பரை முடி" என்று அளந்துவந்தவன் நான். 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

ஆய்வு மாணவி விளக்குகள் பதித்த தொப்பியை எனக்கு மாட்டி, காதில் வாக்கியங்களை ஓடவிட்டார். திரையில் ஒன்றும் தெரியவில்லை. சிறு குச்சியால் என் முடியை விலக்கி விலக்கிப் பார்த்தார்.

"ஏனுங்கய்யா, சாயம் ஏதாச்சும் போட்டிருக்கீங்களா? கருப்பு வெளிச்சத்தக் குடிச்சுப்போடுமுங்க."

"இல்லீங்க அம்மணி. மிஷினப் பாருங்க."

மிஷினை மூன்று முறை பார்த்தார்கள். எனக்கு வியர்த்துக் கொட்டியது. தொப்பியைக் கழற்றியபோது அதன் வெள்ளை உட்புறம் கன்னங்கரேல் என்றிருந்தது.

"ஏனுங்க சார், பரம்பரை தொப்பில ஒட்டிப்போச்சுங்களே," என்றார் பழனிச்சாமி. அடுத்து அவரை உட்காரவைத்தார்கள். திரையில் அவர் மூளை மாரியம்மன் நோன்பிக்கு விளக்குப் போட்ட கோயில் மாதிரி ஜொலித்தது.

மன்னிப்புக் கேட்டிருப்பேன் என்று நினைக்கிறீர்களா? என்னை நீக்கியதை எதிர்த்து மேல்முறையீடு எழுதினேன், நான்கு பக்கம். ரகசியமாக நிரப்ப வேண்டிய படிவத்துக்கு அருகே இன்னொரு நாற்காலி போட்டது அவர்களின் நடைமுறைப் பிழை. (இன்றும் அதுவே என் நிலைப்பாடு.) பதில் இல்லை. நினைவூட்டல் ஒன்று அனுப்பினேன். பிறகு பழனிக்குப் போய் மொட்டை போட்டு, 'குறைபாடு களையப்பட்டது' என்று புகைப்படம் இணைத்து மூன்றாவது கடிதமும் அனுப்பினேன்.

கடைசியில் பதில் வந்தது. வேண்டிய ஆட்கள் சேர்ந்துவிட்டார்களாம். தனி நபருக்குச் சான்று தரும் வழக்கமும் இல்லையாம். அதற்குக் கீழே ஒரு வரி: 'தங்கள் மூன்று கடிதங்களையும் படித்தோம். தங்களுக்குச் சொற்பஞ்சம் இருப்பதாகத் தெரியவில்லை.'

சரஸ்வதி இன்றும் சல்லடை வேண்டுமென்றால், "ஏனுங்க, அந்த ஓட்டை ஓட்டையா இருக்குமே, அத எடுங்க" என்றுதான் கேட்கிறாள். நான் எடுத்துக் கொடுத்துவிட்டு, கூடத்தில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் அந்தப் பதிலைக் காட்டுகிறேன். அதன் மூலையில் என் கையாலேயே குறித்திருக்கிறேன்: பெறப்பட்டது, மாட்டுப் பொங்கல், முற்பகல்.