சல்லியில் சூரியன் சமைத்த பாரைக்கறி

சல்லி,
திருகோணமலை.
14.09.1980

அம்மாள் துணை

மதிப்புக்குரிய மைத்துனர் காசிநாதர் அவர்களுக்கு முத்துலிங்கம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

நான் சுகம். வள்ளம் சுகம். கோழிகளில் மூன்று சுகம். உங்கள் தங்கை குணமணி சுகமென்று மட்டும் எழுத ஏலாது. அந்தச் சுகத்தைப் பறித்தது கொழும்பில் நீங்கள் வேலை பார்க்கும் கந்தோர்தான். நீங்கள் கோபிக்க வேண்டாம். இந்த முறை கோபிக்க வேண்டியவன் நான்.

அவளுக்கு மூச்சு முட்டு இருப்பதும், விறகுப் புகைக்குக் கிட்டவும் போகக் கூடாதென்று டொக்டர் சொன்னதும் உங்களுக்குத் தெரியும். அரசாங்கம் தருகிற முத்திரைக்குக் கிடைக்கிற மண்ணெண்ணெயில்தான் எங்கள் குசினி அடுப்பு எரிந்தது. வெள்ளைக்காரன் கட்டின எண்ணெய்த் தாங்கிகள் காடு பிடித்து நிற்கிற திருகோணமலையில் ஒரு போத்தல் எண்ணெய்க்கு வரிசையில் நிற்கிறோமே என்று நான் அலுத்து எழுதினேன். எண்ணெயின் காலம் முடிந்தது, இனிச் சூரியன்தான், உங்கள் ஊருக்குப் பதினேழு வெயில் அடுப்பு அனுப்புவிக்கிறேன் என்று நீங்கள் பதில் போட்டீர்கள். புகையில்லை என்று வாசித்தபோது எனக்கு மெய்யாகவே கண் கலங்கியது. இனி இவள் இருமாமல் படுப்பாள் என்று நினைத்தேன்.

அடுப்பு வந்தது. மல்லாத்தி வைத்த பெரிய குடை மாதிரி, உள்ளெல்லாம் கண்ணாடி. முற்றத்தில் வெயிலில் வையுங்கள் என்று ஒரு வசனம் சொல்லிவிட்டு, கொண்டுவந்தவர் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். குணமணி அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "றோட்டால போறவாற ஆக்களெல்லாம் சட்டிக்குள்ள எட்டிப் பாக்க நான் எப்பிடிக் கறி வைக்கிறது? கண்ணூறு படாதே?" நியாயம்தானே என்று நான் சுற்றிவர ஆளுயரத்துக்குத் தென்னங்கிடுகு அடைத்தேன். மேலாலே காகம் வந்தது. காகத்துக்காகக் கூரையும் போட்டேன். கண்ணாடி நடுவில் அவள் ஒரு கரிப்பொட்டும் வைத்தாள். ஊரில் ஒருவர் செய்தால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? ஒரு கிழமைக்குள் பதினேழு முற்றத்திலும் பதினேழு கொட்டில், உள்ளே நல்ல நிழலில் பதினேழு வெயில் அடுப்பு. எங்களுடையதில் கோழி அடைகிடந்தது.

திறப்பு விழாவுக்கு உங்கள் கந்தோர்ப் பெரிய ஐயா படம் பிடிக்கிறவரோடு வந்தார். அவசரமாகக் கூரையைக் கழற்றினோம். அடைக்கோழி செட்டை கருகிப் பாய்ந்தோடியது. சுகமில்லாத நாலாவது கோழி அதுதான். அரிசியைப் போட்ட கையோடு முகில் மூடியது. பன்னிரண்டு மணிக்கும் அரிசி அரிசியாகவே கிடந்தது. அப்போது பக்கத்து வீட்டுச் சிவகாமிப்பிள்ளை, ஏழு மாத வயிற்றோடு வேலிக்கு மேலாலே எட்டி, "அண்ணை, ஊர் மானம் போகப்போகுது. நான் என்ர அடுப்பில வைச்சுத் தாறன், பேசாமல் இருங்கோ" என்றாள். அவளுடைய மண்ணெண்ணெய் அடுப்பில் வெந்த சோறும் பாரைமீன் கறியும் வேலிக்கு மேலாலே வந்து, சூரியனுடைய சட்டிக்குள் இறங்கின. ஐயா மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டார். "சூரியன் சமைச்சால் ருசியே வேற, என்ன?" என்று கேட்டார். "ஓம் ஐயா" என்றேன். சாப்பிட்ட விருந்தாளியின் முகம் கோணக் கூடாதே என்று, மூன்று வேளையும் இதிலேதான் சமைக்கிறோம் என்று எழுதி ஐயா நீட்டின தாளில் ஊர்ச் சங்கச் செயலாளராகக் கையெழுத்தும் போட்டேன்.

போன மாதம் உங்கள் கந்தோரிலிருந்து கடிதம் வந்தது: சல்லி சூரிய சக்தியால் தன்னிறைவு கண்டதால் பதினேழு வீட்டுக்கும் மண்ணெண்ணெய் முத்திரை இனி இல்லையாம். கூரைகளைக் கழற்றிவிட்டோம், மச்சான், கண்ணூறையும் மறந்துவிட்டோம். மத்தியானக் கறி வேகிறது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கடலுக்குப் போகிறவனுக்குத் தேத்தண்ணி விடியமுன்னம், உலை வைப்பது பொழுதுபட்டபிறகு. இதை வந்தவர்கள் ஒருவரும் எங்களிடம் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. இப்போது கடற்கரையில் ஒதுங்கின ஈரக் கட்டைதான் எரிகிறது. குணமணி குந்தியிருந்து ஊதுகிறாள், எழும்பிப் போய் வேலியைப் பிடித்துக்கொண்டு மூச்சு இழுக்கிறாள், திரும்பி வந்து ஊதுகிறாள். நான் போட்ட கையெழுத்துத்தான் அவள் நெஞ்சுக்குள் புகைகிறது.

ஆகையால் இந்தக் கடிதத்தை மேலிடத்தில் காட்டுங்கள். முத்துலிங்கம் பொய்யன் என்று அவனே ஒப்புக்கொள்கிறான் என்று சொல்லுங்கள். எனக்கு மட்டுமல்ல, பதினேழு வீட்டுக்கும் முத்திரையை மீட்டுத் தாருங்கள். மச்சாளுக்கும் பிள்ளைகளுக்கும் முத்துமாரி அம்மாள் ஒரு குறையும் வைக்காமல் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மைத்துனன்
க. முத்துலிங்கம்

பிற்குறிப்பு: கடிதத்தை ஒட்டமுன்னம் பெரிய ஐயாவின் ஜீப் வந்தது. என்னை வெயில் அடுப்புப் பிரசாரகராக நியமித்திருக்கிறார்கள். நிலாவெளி, திரியாய்ப் பக்கமெல்லாம் போய்ப் பொழுதுபட்டபிறகு கூட்டம் வைத்துச் சூரியனைப் பற்றிப் பேச வேண்டும். கூட்டத்துக்குப் பெற்றோல்மாக்ஸ் விளக்கும், அதற்கு மாதம் ஐந்து கலன் மண்ணெண்ணெயும் தருகிறார்கள். முதல் கலன் இறங்கிவிட்டது. குணமணி இன்றைக்கு இருமாமல் தேத்தண்ணி வைத்தாள். ஆகவே மேலே எழுதினதெல்லாம் பொய். பதினேழு அடுப்பும் மூன்று வேளையும் நன்றாக வேலை செய்கின்றன. வாசித்ததும் கிழித்துவிடுங்கள். இதற்குமேல் எழுத ஏலாது. வேலிக்கு அந்தப் பக்கம் சிவகாமிப்பிள்ளை இருமுகிறாள்.